இழிபெயரைச் சொல்லும் உரிமை யாருக்கு?





நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி அமெரிக்காவில் மேற்படிப்பு படிக்கிறார். சில வாரங்களுக்கு முன் இஷாவுக்குப் பிறகு எனக்கு ஃபோன் செய்தார். குரலே சரியில்லை. அங்கே அவர் தொழும் பள்ளிவாசலில் ஒரு கறுப்பினச் சகோதரர் அவருக்கு நெருங்கிய நண்பர். போன ரமளான் முழுக்க இருவரும் ஒரே தட்டில் நோன்பு திறந்திருக்கிறார்கள். ஒரு ஜும்ஆ முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது, நம் தம்பி அவருடைய தோளில் தட்டி, அந்நாட்டுக் கறுப்பின மக்களைக் குறிக்கும் அந்த இழிசொல்லால் அவரைக் கூப்பிட்டிருக்கிறார். நாம் 'மச்சான்' என்று கூப்பிடுவது போல நினைத்துத்தான். நண்பர் எதுவும் பேசாமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதன் பிறகு ஸலாம் மட்டும்தான்.

எந்தச் சொல் என்று இளைஞர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பெரியவர்களுக்காகச் சொல்கிறேன்: 'நீக்ரோ' என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்து, அதைவிடப் பல மடங்கு கொடியதாக ஆகிவிட்ட சொல் அது. வேர்ச்சொல்லின் பொருள் வெறும் 'கறுப்பு'. மிம்பரில் நின்று அதை நான் உச்சரிக்கப் போவதில்லை.

தம்பி என்னிடம் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், அவங்களே அவங்களுக்குள்ள அப்படித்தானே கூப்பிட்டுக்கிறாங்க? பாட்டு முழுக்க அந்த வார்த்தைதான். நானும் பாசமாத்தானே சொன்னேன்?"

நான் உடனே பதில் சொல்லிவிட்டேன். "அமல்களெல்லாம் நிய்யத்தைப் பொறுத்தவை தம்பி, உன் நிய்யத் நல்லதுதானே, ஒரு ஸாரி சொல்லிவிடு" என்றேன். ஃபோனை வைத்த பிறகு அந்தப் பதில் எனக்கே உறுத்தியது. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தவனின் நிய்யத் நல்லதாக இருக்கலாம். அடிபட்டவனின் தலையிலிருந்து ரத்தம் வராமல் இருக்குமா? அவசரத்தில் சொன்ன அந்தப் பதிலைத் திருத்திக்கொள்ளத்தான் கிதாபுகளைப் புரட்டினேன். இன்றைய பயான் அதிலிருந்து வந்தது.

அருமையானவர்களே! சூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆவது வசனத்தில், ஒருவருக்கொருவர் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்லாஹ் தடுக்கிறான். நாம் பலமுறை கேட்ட வசனம். ஆனால் அது இறங்கிய பின்னணியைக் கவனித்திருக்கிறோமா? அபூஜுபைரா (ரழி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. மதீனாவில் பனூ ஸலிமா கூட்டத்தாரில் பலருக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. பெருமானார் (ஸல்) அவர்கள் மதீனா வந்த புதிதில், ஒருவரை அவருடைய பெயர்களில் ஒன்றைச் சொல்லி அழைப்பார்கள். அருகில் இருப்பவர்கள், அல்லாஹ்வின் தூதரே, அந்தப் பெயரைக் கேட்டால் அவர் கோபப்படுவார் என்பார்கள். அப்போதுதான் இந்த வசனம் இறங்கியது.

கவனியுங்கள். ஊரில் எல்லோரும் சொன்ன பெயர்தான். நாயகம் (ஸல்) அவர்களின் நிய்யத்தை எவரும் சந்தேகிக்க முடியாது. ஆனாலும் அங்கே அளவுகோலாக நின்றது, அந்தப் பெயரைச் சுமப்பவரின் மனம்.

ஹதீஸ் கலை இமாம்கள் இதில் எவ்வளவு நுணுக்கமாக இருந்தார்கள் தெரியுமா? அறிவிப்பாளர்களில் 'அஃமஷ்' என்று ஒருவர். கண் பார்வை மங்கியவர் என்று பொருள். 'அஃரஜ்' என்று ஒருவர்; நொண்டி என்று பொருள். அப்படிச் சொன்னால்தான் ஆள் அடையாளம் தெரியும், இழிவுபடுத்தும் நோக்கமும் இல்லை என்ற நிலையில் உலமாக்கள் அதை அனுமதித்தார்கள். ஆனால் இஸ்மாயீல் இப்னு இப்ராஹீம் என்ற பெரிய முஹத்திஸ் ஒருவர் இருந்தார். மக்கள் அவரைத் தாயாரோடு சேர்த்து 'இப்னு உலைய்யா' என்றே அழைத்தார்கள். அது அவருக்குப் பிடிக்காது. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் அவரிடமிருந்து அறிவிக்கும்போது, 'இப்னு உலைய்யா என்று சொல்லப்படுகிற இஸ்மாயீல்' என்று சுற்றி வளைத்துச் சொல்வார்கள். ஆளையும் அடையாளம் காட்டியாயிற்று, அவருக்குப் பிடிக்காத பெயரைத் தாம் சூட்டாமலும் தப்பித்தாயிற்று. மத்ரஸாவில் உஸ்தாத் இதைச் சொன்னபோது நாங்கள் சிரித்தோம். இப்போது சிரிப்பு வரவில்லை.

இனி அந்த அமெரிக்கச் சொல்லுக்கு வருவோம். அது ஒரு தனிமனிதரின் பட்டப்பெயர் அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட மக்களை விற்றவனும் வாங்கியவனும் சொன்ன சொல். சாட்டையால் அடித்தவன் சொன்ன சொல். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்த பிறகும், கறுப்பின மக்களை மரத்தில் தூக்கிலிட்ட கும்பல்கள் கத்திய சொல். அந்தக் கப்பல்களில் வந்தவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். குர்ஆனை மனனம் செய்த நாவுகள் இருந்த மனிதர்களும் அந்தச் சொல்லால் அழைக்கப்பட்டார்கள்.

பிறகு அந்த மக்களே அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். எதிரியின் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கி அதில் காய்கறி நறுக்குவதைப் போல. கடைசி எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றி, சகோதரன், தோழன் என்ற பொருளில் தங்களுக்குள் புழங்குகிறார்கள். பாடல்களில் வருவது அந்தப் புழக்கம்தான்.

இப்படி எடுத்துக்கொள்வது சரியா? இதில் அவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ரிச்சர்ட் பிரையர் என்ற புகழ்பெற்ற நகைச்சுவைக் கலைஞர் மேடையில் அந்தச் சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்தியவர். 1974இல் வந்த அவருடைய ஆல்பத்தின் தலைப்பிலேயே அது இருந்தது. 1979இல் கென்யா சென்றார். எங்கு பார்த்தாலும் கறுப்பின மக்கள். கடைக்காரர், அதிகாரி, ஆட்சியாளர் எல்லோரும் அவர்களே. அங்கே ஒருவரைப் பார்த்தும் அந்தச் சொல் தன் மனதில் எழவில்லை என்பதை உணர்ந்து, இனி அதைச் சொல்வதில்லை என்று முடிவு செய்தார். 2007இல், கறுப்பின மக்களின் பழம்பெரும் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி., டெட்ராய்ட் நகரில் அந்தச் சொல்லுக்கு இறுதி ஊர்வலமே நடத்தியது. குதிரைகள் இழுத்த வண்டியில் சவப்பெட்டி வைத்துக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள். சொல் சாகவில்லை, பாடல்களில் இன்றும் ஒலிக்கிறது.

நமது வரலாற்றிலும் இழிபெயரை எதிர்கொண்ட இரண்டு வழிகளைப் பார்க்கிறோம். குறைஷிகள் 'முஹம்மத்' என்ற அழகிய பெயரைத் திரித்து 'முதம்மம்', அதாவது இகழப்பட்டவர் என்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் அதைத் தமக்குரியதாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் முதம்மம் என்ற யாரையோ திட்டுகிறார்கள், நானோ முஹம்மத், அவர்களின் ஏச்சை அல்லாஹ் என்னைவிட்டு எப்படித் திருப்பிவிட்டான் பார்த்தீர்களா என்று தோழர்களிடம் வியந்து சொன்னார்கள். புகாரியில் இருக்கிறது.

இன்னொரு வழி அஸ்மா (ரழி) அவர்களுடையது. ஹிஜ்ரத்தின்போது உணவு மூட்டையையும் தண்ணீர்த் தோல்பையையும் கட்டக் கயிறு இல்லாமல், தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டிக் கொடுத்தார்கள். அதனால் வந்த பெயர் 'தாத்துந் நிதாகைன்', இரு கச்சைக்காரி. பல்லாண்டு கழித்து ஷாம் படையினர் அவர்களுடைய மகன் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரழி) அவர்களை 'இரு கச்சைக்காரியின் மகனே' என்று கேலி செய்தார்கள். தாயார் மகனை அழைத்து, அந்தக் கச்சைகள் என்ன என்று தெரியுமா என்று கேட்டு, ஹிஜ்ரத்தின் கதையைச் சொன்னார்கள். அதன் பிறகு யார் அப்படிக் கூப்பிட்டாலும் மகன், அல்லாஹ்வின் மீதாணையாக ஆமாம் என்பார். ஏச்சு, பட்டமாகிவிட்டது.

ஆக, மறுத்துவிடவும் வழி இருக்கிறது, நெஞ்சு நிமிர்த்தி ஏற்கவும் வழி இருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம். அஸ்மா (ரழி) அவர்களின் பெயருக்குள் முதலிலிருந்தே ஒரு தியாகம் இருந்தது. எதிரிதான் அதை அழுக்காக்கினான். அமெரிக்கச் சொல்லுக்குள் முதலில் இருந்தது சங்கிலிதான். அதற்குள் பாசத்தை அந்த மக்கள் பின்னால் வைத்தார்கள். அந்தப் பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனாலும், அதைக் கேட்டாலே பாட்டனாரின் கழுத்துக் கயிறு நினைவுக்கு வரும் முதியவர்கள் அதே வீட்டில் இருக்கிறார்கள். அதனால் என் மனம் ரிச்சர்ட் பிரையரின் பக்கம் சாய்கிறது. இதைத் தாழ்ந்த குரலில்தான் சொல்கிறேன்; அந்த வீட்டுக்குள் போய் நீதி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை.

இதே வாதம் நம் தமிழ் மண்ணிலும் நடந்தது. பறையர் என்ற நம்முடைய சொல்தான் ஆங்கிலத்தில் 'பரியா' ஆகி, 'ஒதுக்கப்பட்டவன்' என்ற பொருளில் உலகமெங்கும் புழங்குகிறது. அது உயிரோடு இருக்கும் ஒரு மக்களின் பெயர் என்பதை எழுதுகிறவர்கள் நினைப்பதே இல்லை. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், அந்தப் பெயரைச் சொல்ல வெட்கி ஒளியும்வரை உரிமை கிடைக்காது என்று கருதி, 1893இல் 'பறையன்' என்றே ஒரு பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதரோ அது பகைவர் சூட்டிய பெயர், உதறித் தள்ள வேண்டும் என்றார். 1907இல் அவர் தொடங்கிய இதழின் பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. இருவரும் அந்த வேதனைக்குள் பிறந்தவர்கள். வாதம் அவர்களுடையது. சீனிவாசன் பத்திரிகைக்கு அந்தப் பெயர் வைத்துவிட்டார் என்பதற்காக, வெளியே இருக்கும் நான் தெருவில் ஒருவரை அப்படிக் கூப்பிடலாம் என்று யாராவது சொல்வார்களா?

தம்பியின் கேள்விக்கு இப்போது வருகிறேன். ஒரே சொல்தானே என்கிறார். ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு செய்தி. ஒருநாள் அலீ (ரழி) அவர்கள் வீட்டில் சிறு மனத்தாங்கலாகிப் பள்ளிவாசலில் வந்து படுத்திருந்தார்கள். மேலாடை நழுவி உடம்பில் மண் ஒட்டியிருந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் வந்து அந்த மண்ணைத் தட்டிவிட்டு, எழுந்திரும் அபூதுராபே, மண்ணின் தந்தையே என்றார்கள். அலீ (ரழி) அவர்களுக்கு அதைவிடப் பிரியமான பெயர் இல்லை. பிற்காலத்தில் மதீனாவின் ஆளுநர் ஒருவர், அதே அபூதுராப் என்ற பெயரைச் சொல்லி அலீ (ரழி) அவர்களைச் சபிக்கும்படி ஸஹ்ல் (ரழி) அவர்களிடம் சொன்னார். எழுத்து மாறவில்லை. முதுகில் மண்ணைத் தட்டிய கைக்கும் சபிக்கச் சொன்ன வாய்க்கும் இடையில் எவ்வளவு தூரம்!

'ஒரு கறுப்பின நண்பர் எனக்கு அனுமதி கொடுத்தார்' என்று சில இளைஞர்கள் சொல்கிறார்கள். ஃபிக்ஹில் நாம் படித்ததுதான்: கூட்டுச் சொத்தில் ஒரு பங்காளி தன் பங்கை மட்டும்தான் ஹிபா செய்ய முடியும். இந்தக் காயம் கோடிக்கணக்கானவர்களின் கூட்டுச் சொத்து. ஒருவர் தன் பங்கை மன்னிக்கலாம். பக்கத்து ஸஃப்பில் நிற்பவரின் பங்கை அவர் எப்படித் தருவார்? 2018இல் அலபாமாவில் நடந்த இசை நிகழ்ச்சியில், பாடகர் கென்ட்ரிக் லமார் ஒரு வெள்ளையின ரசிகையை மேடைக்கு அழைத்துத் தன் பாட்டைப் பாட வைத்தார். அவர் அந்தச் சொல்லையும் சேர்த்துப் பாடியபோது நிறுத்திவிட்டார். பாட்டை எழுதியவரே அவர்தான். ஆனாலும் அந்தச் சொல்லை மட்டும் கடனாகக் கொடுக்கவில்லை.

நாம் வெள்ளையர் இல்லையே, நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க நகரங்களில் கடை வைத்திருக்கும் அரபு முஸ்லிம்களில் சிலர் கறுப்பின மக்களை 'அபீத்' என்கிறார்கள். அடிமைகள் என்று பொருள். இதை எதிர்த்து அங்குள்ள கறுப்பின முஸ்லிம் அறிஞர்கள் வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். எவ்வளவு பெரிய கொடுமை! மிஃராஜைச் சொல்லும் வசனத்தில் அல்லாஹ் தன் தூதரை 'அப்து' என்றுதான் கண்ணியப்படுத்துகிறான். அதே சொல்லை மனிதன் மனிதனை நோக்கிச் சொல்வதை, சட்டப்படி எஜமானாக இருந்தவன்கூட 'என் அடிமை' என்று சொல்வதை, நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீங்கள் எல்லோரும் அல்லாஹ்வின் அடிமைகளே என்று காரணமும் சொன்னார்கள்.

ஒருவரை அவருடைய தாயைச் சொல்லி இழிவுபடுத்திய அபூதர் (ரழி) அவர்களிடம், உம்மிடம் இன்னும் ஜாஹிலிய்யா இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அவர் பிலால் (ரழி) என்று விரிவுரைகளில் வருகிறது. அபூதர் (ரழி) தம் கன்னத்தைத் தரையில் வைத்து மிதிக்கச் சொன்னதாக மிம்பர்களில் உருக்கமாகச் சொல்வோம். புகாரியின் அறிவிப்பில் அது இல்லை. அதில் இருப்பது வேறு. பிற்காலத்தில் ரபதாவில் அவரைப் பார்த்த ஒருவர், அபூதரும் அவருடைய பணியாளரும் ஒரே மாதிரி ஆடை அணிந்திருப்பதைக் கண்டு காரணம் கேட்டார். அப்போதுதான் அபூதர் (ரழி) இந்தச் சம்பவத்தைச் சொல்கிறார்கள். ஒரு சொல்லுக்கான தவ்பாவை ஆயுள் முழுக்க உடம்பில் அணிந்திருந்தார்கள்.

தம்பிக்கு நான் மறுபடியும் ஃபோன் செய்தேன். என் முதல் பதில் தவறு என்று சொன்னேன். "போய் மன்னிப்புக் கேள். 'நீங்களும்தானே சொல்கிறீர்கள்' என்று ஆரம்பிக்காதே. 'பாசமாகத்தான் சொன்னேன்' என்று உன்னைக் காப்பாற்றிக்கொள்ளாதே. நான் உங்களுக்கு அநியாயம் செய்துவிட்டேன், அதை மட்டும் சொல். அவர் மன்னிக்க நாளானால் பொறுத்திரு. தனியாகப் பாட்டு முணுமுணுக்கும்போதும் அந்த இடத்தை விட்டுவிடு" என்றேன்.

சொல்லிவிட்டாராம். நண்பர் தலையை மட்டும் அசைத்தாராம். இன்னும் பழைய மாதிரி பேச்சு இல்லை.

யா அல்லாஹ், கடல் கடந்து ஒரே ஸஃப்பில் நிற்கும் அந்த இரண்டு உள்ளங்களையும் நீ சேர்த்து வைப்பாயாக! ஆமீன்.