காலையில் குடித்தது இரவிலும்

அன்புள்ள கண்ணம்மா,

உன் கடிதம் கிடைத்தது. பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, ஒரு நாளைக்கு நாலு டம்ளர் காபி இறங்குகிறது, குடித்தால்தான் பாடம் மண்டையில் ஏறுகிறது, ஆனால் சாயங்காலமானால் காரணமே இல்லாமல் படபடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். "காபி டென்ஷனைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா அத்தை?" என்ற கேள்வி இரண்டு நாளாக என் மனதை விட்டுப் போகவில்லை.

இதே கேள்வியைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் உளவியல் ஆராய்ச்சியாளர் இருக்கிறார். பெயர் ஜேம்ஸ் லேன். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், டியூக் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பணியாற்றியவர். மனக்கணக்குப் போடச் சொல்லி நெருக்கினால் யாருக்கும் ரத்த அழுத்தம் ஏறும். காஃபீன் உடம்பில் இருந்தால் அது இன்னும் அதிகமாக ஏறுகிறது என்பதை அவர் முதலில் ஆய்வுக்கூடத்தில் கண்டார். ஆனால் ஆய்வுக்கூட நாற்காலியில் நடப்பது, அலுவலகத்திலும் வீட்டிலும் அல்லாடும் மனிதருக்கும் நடக்குமா?

அதை அறிய அவர் குழு நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. வழக்கமாகக் காபி குடிக்கும் 47 பேர். அவர்களுக்குக் காபி கொடுக்கவில்லை, காப்ஸ்யூல் கொடுத்தார்கள். ஒரு நாள் காலையிலும் மதியத்திலுமாக மொத்தம் 500 மில்லிகிராம் காஃபீன். அது ஏறக்குறைய நாலு கோப்பைக் காபிக்குச் சமம். இன்னொரு நாள் அதே தோற்றத்தில் மருந்தே இல்லாத காப்ஸ்யூல். எது எந்த நாள் என்று விழுங்கியவருக்குத் தெரியாது. உடம்போடு கட்டிய சிறு கருவி, அவர்கள் வேலையிலும் வீட்டிலும் இருக்கும்போதே ரத்த அழுத்தத்தை அளந்துகொண்டிருந்தது.

ஏன் காப்ஸ்யூல் என்று நீ கேட்பாய். காபியின் வாசனையே பாதித் தெம்பைக் கொடுத்துவிடும் அல்லவா? மனம் எதிர்பார்த்ததைப் பிரித்தெடுத்த பிறகுதான் மருந்து செய்ததைப் பார்க்க முடியும். 1911-லேயே ஹாரி ஹாலிங்வொர்த் என்ற இளம் உளவியலாளர், கோகோ-கோலா மீதான வழக்குக்காக நியூயார்க்கில் 16 பேரை 40 நாள் சோதித்தபோது இப்படித்தான் காப்ஸ்யூல் கொடுத்தார். நீ உளவியல் படிக்கப் போகிறவள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

லேன் கண்டது இது. காஃபீன் உட்கொண்ட நாளில் ரத்த அழுத்தம் சராசரியாக மேல் அளவில் 4, கீழ் அளவில் 3 கூடியிருந்தது. சிறுநீரில் வெளியேறிய அட்ரினலின் 32 சதவீதம் அதிகம். 'இப்போது நெருக்கடியாக இருக்கிறது' என்று அவர்களே குறித்த நேரங்களில் அழுத்தமும் நாடித்துடிப்பும் ஏறுமே, அந்த ஏற்றத்தையும் காஃபீன் பெரிதாக்கியது. நாலு புள்ளி சிறியதாகத் தெரியலாம். என்னை உலுக்கியது வேறு. கடைசிக் காப்ஸ்யூல் மதியத்தோடு சரி, ஆனால் படுக்கப் போகும்வரை விளைவு குறையவே இல்லை. குடித்த காஃபீனில் பாதி கழியவே பெரும்பாலோருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகிறது. உன் சாயங்காலப் படபடப்புக்கு ஒரு காரணம் காலையிலேயே உள்ளே போயிருக்கக்கூடும்.

அப்படியானால் குடித்தவுடன் நிம்மதியாக இருக்கிறதே, அது பொய்யா? பொய்யில்லை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, 'களைத்துவிட்டாய், ஓய்வெடு' என்று சொல்கிறது. அது போய் உட்கார வேண்டிய இடத்தில் காஃபீன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. களைப்பு மறைவதில்லை, செய்திதான் வந்து சேர்வதில்லை. தினமும் இப்படி நடந்தால் மூளை அதற்கேற்பப் பழகிக்கொள்ளும். பிறகு ஒரு நாள் காபி இல்லையென்றால் மந்தம், எரிச்சல், தலைவலி. விரத நாட்களில் மத்தியானமானால் எனக்குத் தலை பிளக்கும். பசிதான் காரணம் என்று முப்பது வருஷம் நினைத்திருந்தேன், காபியை விட்டதால் வந்தது என்று தெரியாமல்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் பீட்டர் ரோஜர்ஸ் குழு 379 பேரை 16 மணி நேரம் காஃபீன் இல்லாமல் இருக்கச் செய்து சோதித்தது. அந்த முடிவு 2010-இல் வெளியானது. நிறையக் குடிப்பவர்கள் காஃபீன் கிடைத்ததும் சுறுசுறுப்பானார்கள். எவ்வளவு தெரியுமா? அதிகம் குடிக்காதவர்கள் காஃபீன் இல்லாமலேயே இருந்த அளவுக்கு, அதற்கு மேல் இல்லை. உன் முதல் டம்ளர் உனக்குத் தருவது பெரும்பாலும் நேற்று ராத்திரி முதல் நீ இழந்ததைத்தான்.

தாத்தாவின் சர்க்கரையைப் பற்றியும் கேட்டிருந்தாய். இரண்டாம் வகை நீரிழிவு உள்ள பத்துப் பேரிடம் லேன் செய்த ஆய்வில், காஃபீன் நாளில் பகல்நேரச் சர்க்கரையின் சராசரி 7.5 சதவீதம் கூடியது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. காபி குடிப்பவர்களுக்கு நீரிழிவு வரும் வாய்ப்புக் குறைவு என்று பெரிய மக்கள்தொகை ஆய்வுகளும் சொல்கின்றன. காஃபீன் நீக்கிய காபியிலும் அது தெரிவதால், காபியில் இருக்கும் வேறு பொருள்கள் காரணமாகலாம். இரண்டையும் சேர்த்தே மனதில் வை. தாத்தா தன் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யட்டும்.

காபி விஷமில்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் காஃபீன் வரை கவலையில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. ஆனால் டீயும் கோலாவும் சில தலைவலி மாத்திரைகளும் இந்தக் கணக்கில் சேரும். படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு உட்கொண்ட 400 மில்லிகிராம், தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பறித்ததாக 2013-இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. படித்தது மனதில் தங்கத் தூக்கம் வேண்டும். ஆகவே முதலில் சாயங்கால டம்ளரை விடு.

மற்றதை ஒரேயடியாக நிறுத்தாதே. தலைவலி 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒன்பது நாள் வரை நீடிக்கலாம். பரீட்சைக்கு முந்தின நாள் வீராப்பாக நிறுத்தினால் அது உன்னோடு தேர்வறைக்குள் வந்து உட்காரும். மூன்று நாளைக்கு ஒருமுறை டிகாஷனைக் கொஞ்சம் குறைத்துப் பாலைக் கூட்டு. கணக்குப் பார்த்தேன், இன்றே ஆரம்பித்தால் முதல் பரீட்சைக்கு முன்பே இரண்டு டம்ளருக்கு வந்துவிடுவாய். எத்தனை மணிக்குக் குடித்தாய், எப்போது படபடத்தது என்று ஒரு நோட்டில் குறித்து வை. லீவுக்கு வரும்போது அதை எடுத்து வா.

அன்புடன்,
அத்தை