சாஃப்ட்னரைத் தூக்கிப் போடும் முன் ரெண்டு பாட்டில் தண்ணி

முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ப்யூரெட்டில் ஈடிடிஏ, கூம்புக் குடுவையில் தண்ணி, ரெண்டு சொட்டு எரியோகுரோம் பிளாக் டி. ஒயின் சிவப்பு நீலமா மாறினதும் ரீடிங் எழுதிட்டு, அந்த அறிவையும் சிங்க்கிலேயே ஊத்திட்டு வந்தவங்க நாம. அதே டைட்ரேஷன்தான் இந்தக் கோடையில் எங்க அப்பாவோட 38,000 ரூபாயைக் காப்பாத்திச்சு.

எங்க ஊர் சந்தவாசல், ஜவ்வாது மலை அடிவாரம். கீழே கெட்டிப் பாறை. பாறை இடுக்கில் ஊறி வர்ற போர் தண்ணி கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைச்சுக்கிட்டுதான் வரும். அதனால 9 வருஷம் முன்னாடி வீட்டில் 25 லிட்டர் ரெசின் இருக்கிற சாஃப்ட்னர் வெச்சோம். இந்த ஏப்ரலில் திரும்பவும் சோப்பு நுரைக்கலை, பக்கெட்டில் வெள்ளைப் படிவு. அம்மா புலம்ப ஆரம்பிச்சாங்க.

பார்க்க வந்தவர் டிடிஎஸ் மீட்டரை எடுத்தார். உள்ளே போற தண்ணி 910, வெளியே வர்றது 920. "பாருங்க சார், ரெசின் செத்துப்போச்சு. புதுசு போட்டுடுங்க, 38,000 ஆகும்." அப்பா என்னைப் பார்த்தார். "என்னடா, இன்ஜினியரிங் படிக்கிற, நீ சொல்லு."

மீட்டர் ஏன் ஏமாத்துது?

சாஃப்ட்னர் உப்பை எடுக்கிற மெஷின் இல்லை, மாத்துற மெஷின். ரெசின் மணியில் சோடியம் ஒட்டியிருக்கும். ஒரு கால்சியம் வந்து உட்கார்ந்தா ரெண்டு சோடியம் எழுந்து தண்ணியில் போகும். கால்சியத்தோட நிறை 40, ரெண்டு சோடியம் 46. ஆக, புத்தம்புது ரெசினா இருந்தாலும் டிடிஎஸ் குறையாது, லேசா ஏறத்தான் செய்யும். டிடிஎஸ் மீட்டர் ஆர்ஓவுக்குச் சரி. சாஃப்ட்னருக்குப் பார்க்க வேண்டியது ஹார்ட்னஸ் மட்டும்தான்.

அதனால ரெண்டு பாட்டிலில் தண்ணி பிடிச்சுக்கிட்டு காலேஜ் பஸ் ஏறினேன். லேபில் அனுமதி வாங்கிப் பார்த்தா, உள்ளே 500, வெளியே 460 மில்லிகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் (2012) ஏத்துக்கிற அளவு 200, வேற வழியே இல்லைன்னா 600 வரை. ஆக மெஷின் வேலை செய்யலைங்கிறது உண்மை. ஆனா ரெசின்தான் காரணமா?

ரெசினுக்குச் சாப்பாடு போகலை

கால்சியம் நிறைஞ்ச ரெசினை உப்புத் தண்ணி விட்டுக் கழுவினா பழையபடி சோடியம் ஏறும். இதுதான் ரீஜெனரேஷன். வால்வைத் திருப்பிட்டு உப்புத் தொட்டி பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தேன். தொட்டியில் மட்டம் ஒரு விரல் கூட இறங்கலை! உப்புத் தண்ணியை உறிஞ்சுற இஞ்செக்டரைக் கழட்டினா, குண்டூசி போற அளவு ஓட்டையில் சேறு அடைச்சிருக்கு. பழைய டூத்பிரஷ், ஒரு சொம்பு தண்ணி. செலவு சுழியம். மறுபடி 3 கிலோ உப்பு போட்டு ரீஜெனரேஷன் பண்ணி, தண்ணியை லேபுக்கு எடுத்துட்டுப் போனேன். ஹார்ட்னஸ் 40!

சந்தோஷப்பட்டுட்டு இங்கேயே நிறுத்தியிருந்தா அதுவும் தப்புதான். 9 வருஷ ரெசின் உயிரோட இருக்கு, சரி. எவ்வளவு தெம்போட இருக்கு?

லிட்டர் கணக்கு

ஒரு லிட்டர் புது ரெசின் சுமார் 50 கிராம் ஹார்ட்னஸ் பிடிக்கும்னு வெச்சுக்கலாம். 25 லிட்டருக்கு 1,250 கிராம். நம்ம தண்ணியில் லிட்டருக்கு அரை கிராம். அப்போ ஒரு ரீஜெனரேஷனுக்கு 2,500 லிட்டர் நல்ல தண்ணி வரணும். சொட்டு போட்டுப் பார்க்கிற ஹார்ட்னஸ் கிட் ஒண்ணு வாங்கி, டேங்க் கணக்கு வெச்சு தினமும் சோதிச்சேன். 1,500 லிட்டரில் ஹார்ட்னஸ் ஏற ஆரம்பிச்சது. அதாவது 60 சதவீதத் தெம்பு.

வீட்டுச் செலவு நாளுக்கு 600 லிட்டர். புது ரெசினா இருந்தா 4 நாளைக்கு ஒரு தடவை உப்பு, இப்போ இரண்டரை நாளைக்கு ஒரு தடவை. மாசம் 13 கிலோ போல கூடுதல் உப்பு. எங்க கடை விலைக்கு வருஷம் 2,000 ரூபாய்க்குள்ள. ரெசின் மட்டும் மாத்த 5,000 கேட்கறாங்க. 1,000 லிட்டருக்குக் கீழே இறங்கினா மாத்திடலாம்னு அப்பாவும் நானும் முடிவு பண்ணோம். அதுவரை இதே ஓடட்டும்.

எப்போ எதை மாத்தணும்?

மட்டம் இறங்கலையா? இஞ்செக்டர், குழாய், உப்பு கட்டி தட்டியிருக்கான்னு பாருங்க. உப்பு போயும் லிட்டர் கணக்கு பாதிக்குக் கீழேயா? ரெசினைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்க. செம்பழுப்பா இருந்தா இரும்பு படிஞ்சிருக்கலாம், அதைக் கழுவ மருந்து உண்டு. மணி உடைஞ்சு கொழகொழன்னு இருந்தா மாத்தணும். சம்ப்பில் பிளீச்சிங் பவுடர் போடற வீடுகள் கவனம், குளோரின் ரெசினை அரிச்சிடும். ரெசின் வைக்கிற டேங்க் விரிசல் விட்டு, வால்வுக்கு உதிரி பாகமும் கிடைக்கலைன்னா, அப்போதான் முழு மெஷினும் புதுசு.

இன்னொண்ணு. 460 மில்லிகிராம் ஹார்ட்னஸ் குறைஞ்சா லிட்டருக்கு 210 மில்லிகிராம் போல சோடியம் கூடுது. எங்க ஆயாவுக்குப் பிரஷர். சாஃப்ட்னர் தண்ணியைத்தான் அவங்க இவ்வளவு நாளா குடிச்சிருக்காங்க, யாருக்கும் தோணலை. இப்போ சமையலறைக் குடிதண்ணிக் குழாயை சாஃப்ட்னருக்கு முன்னாடியே பிரிச்சு ஆர்ஓவுக்கு விட்டாச்சு. 38,000 மிச்சமானதை விட எனக்கு இதுதான் பெருசா படுது.

உங்க வீட்டிலேயும் யாராவது "போச்சு, மாத்திடுங்க"ன்னு சொன்னா ஒரே கேள்வி கேளுங்க: "எதை அளந்து சொல்றீங்க?"