நாற்பதைத் தாண்டியாச்சா? காலையும் கவனியுங்க!

'லோஃபர்' என்றதும் யாரையோ திட்டுகிறோம் என்று நினைத்துவிடாதீர்கள். லேஸ் கட்டாமல் காலை அப்படியே நுழைத்துக்கொள்ளும் ஷூவுக்கும் அதுதான் பெயர். அதில் தடிமனான அடிப்பாகம் உள்ள ரகம் நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு நன்றாகவே பொருந்தும். ஏன் தெரியுமா?

வயது ஏற ஏற பாதத்தின் தசைநார்கள் தளர்ந்து, பாதம் அகலமாகிறது. குதிகாலில் மெத்தை போலிருக்கும் கொழுப்பும் மெலிகிறது. 'கல்யாணத்தப்போ ஆறாம் நம்பர்தானே போட்டேன்' என்று பிடிவாதம் பிடித்தால் விரல்கள்தான் நசுங்கும்!

கடைக்குச் சாயங்காலம் போங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம் அது. இரண்டு காலிலும் போட்டு நடந்து பாருங்கள். நுனியில் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். குதிகால் கழன்று வரக்கூடாது. ஷூவை வளைத்தால், விரல்கள் மடங்கும் இடத்தில்தான் வளையணும். தூக்கும்போதே கனத்தால், வேண்டாம்.

எதற்குப் போடலாம்? சுடிதார் என்றால் தொளதொள பேண்ட்டைவிட, கணுக்கால் தெரியும் நேரான பேண்ட் எடுப்பாக இருக்கும். காட்டன் புடவையை, ஷூவைப் போட்டுக்கொண்டே சற்று உயர்த்திக் கட்டுங்கள். கரை காலில் தடுக்காது. கறுப்பு, பிரவுன் இரண்டும் எல்லா நிறத்துக்கும் ஒத்துப்போகும்.

சர்க்கரை நோய் இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் ஷூவுக்குள் கைவிட்டுப் பார்த்த பிறகே போடுங்கள். உணர்ச்சி குறைந்த பாதத்தில் சின்னக் கல் உறுத்துவதுகூடத் தெரியாது. புண்ணான பிறகுதான் தெரியும். அப்படி மரத்துப்போகும் பாதம் என்றால், எந்த ஷூ என்பதை டாக்டரிடம் கேட்டே வாங்குங்கள்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போதே குதிகால் வலிக்கிறதா? வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்ளாதீர்கள். ஷூவை மாற்றினால் மட்டும் போதாது, டாக்டரையும் பாருங்கள்.