டிக் போட்டதும் முடிவதில்லை

அன்புள்ள கண்ணு,

பெரியவர்களுக்கான ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகையியக்கக் கோளாறு) மருந்தாய்வில் ஆட்களைச் சேர்க்கும் வேலை உனக்குக் கிடைத்திருப்பதாகத் தம்பி போனில் சொன்னான். சந்தோஷம். "ஃபார்மைக் கொடுத்து மார்க் கூட்டிப் போடுற வேலைதான்" என்று நீ அவனிடம் சொன்னாயாம். அந்தப் பேச்சுதான் என்னை எழுத உட்கார வைத்தது.

உன் மேசையில் இருக்கும் ஏ.எஸ்.ஆர்.எஸ். நல்ல கேள்வித்தாள்தான். உலக சுகாதார நிறுவனத்துடன் சேர்ந்து ரொனால்டு கெஸ்லர் குழுவினர் 2005-இல் வெளியிட்டது. மொத்தம் 18 கேள்விகள். முதல் 6-இல் நாலுக்காவது குறி நிழலிட்ட கட்டத்தில் விழுந்தால், இவரை இன்னும் தீர விசாரிக்க வேண்டும் என்று பொருள். அவ்வளவுதான். ராத்திரித் தூக்கம் இல்லாதவர், தைராய்டு கோளாறு உள்ளவர், மனச்சோர்வில் கிடப்பவர், கடன் கவலையில் இருப்பவர், எல்லோருமே அந்தக் கட்டங்களில் டிக் போடுவார்கள். அமெரிக்காவில் மார்கரெட் சிப்லி குழுவினர் 2018-இல் வெளியிட்ட ஆய்வைத் தேடிப் படி. சிறுவயதில் ஏ.டி.எச்.டி. இல்லாத பிள்ளைகளைப் பெரியவர்களாகும்வரை பின்தொடர்ந்தார்கள். பிற்பாடு அறிகுறிப் பட்டியலில் தேறியவர்களில் ஏறக்குறைய 95 சதவீதத்தினர் முழு விசாரணையில் கழிந்துபோனார்கள். போதைப் பழக்கமும் வேறு மனநலக் கோளாறுகளும் முக்கியக் காரணங்கள்.

அதனால் "ஆமாம், அடிக்கடி" என்பதோடு விட்டுவிடாதே. "கடைசியாக எப்போது? என்ன ஆயிற்று?" என்று கேள். கையில் பணம் இருந்தும் கரண்ட் பில் கட்ட மறந்து, ஈ.பி.காரர் ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போன கதை வரும். அப்போதும் நிறுத்தாதே, சின்ன வயதிலும் இப்படித்தானா என்று கேள். மனநலக் கோளாறுகளை வரையறுக்கும் டி.எஸ்.எம்.-5 கையேட்டின்படி 17 வயது நிரம்பியவருக்கு 5 அறிகுறிகள் போதும்; ஆனால் அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும், வீடு, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். நாற்பது வயதுக்காரரின் நினைவை மட்டும் நம்பி இதைத் தீர்மானிக்க முடியாது. அவர் சம்மதித்தால் அம்மாவிடமோ அக்காவிடமோ பேசு. பழைய ரேங்க் கார்டு இருந்தால் மார்க்கைவிட டீச்சர் எழுதிய குறிப்பைப் பார். பெண்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். வகுப்பில் ஓடியாடாமல் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த பெண்ணை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்; குறிப்பு இல்லை என்பதற்காக அவளை ஒதுக்கிவிடாதே.

மாதக் கடைசியில் "இன்னும் ரெண்டு பேர் வேணும்" என்று மேலிருந்து நெருக்குவார்கள். ஒரு மார்க் குறைந்தால் ஏற்றிப் போடத் தோன்றும். போடாதே. சேரும்போது ஏற்றிய மார்க், அடுத்த தடவை அளக்கையில் தானாக இறங்கும். மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவருக்கும் இறங்கும். பிறகு மருந்து வேலை செய்ததா என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்துகள் ரத்த அழுத்தத்தையும் நாடித் துடிப்பையும் ஏற்றக்கூடியவை என்பதால், இதயக் கோளாறு பற்றிய கேள்விகளில் தளர்வே கூடாது.

எனக்கு ரொம்பவும் மனசில் கிடக்கும் விஷயம் வேறு. ஏ.டி.எச்.டி. கடுமையாக இருப்பவர்தான் அப்பாயின்ட்மென்டை மறப்பார், ஃபார்மை பாதியில் வைத்துவிட்டுப் போவார், ஒரு மணி நேரம் தாமதமாக வந்து மன்னிப்புக் கேட்பார். "ரெண்டு தடவை வரலை, பேரை எடுத்துடு" என்று விட்டால், யாருக்காக ஆய்வு நடக்கிறதோ அவர்களே வெளியே நிற்பார்கள். ஒழுங்காக வரத் தெரிந்தவர்களின் முடிவுதான் கிடைக்கும். முதல் நாள் சாயங்காலம் ஒரு போன், காலையில் ஒரு மெசேஜ் போட நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி வை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில், பகுதி பகுதியாக, நடுவில் டீ குடிக்க விட்டுப் படித்துக் காட்டு. ரெண்டாம் பக்கத்திலேயே கையெழுத்துப் போட வருபவரிடம் பேனாவைக் கொடுக்காதே. "எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டு, அவர் வாயால் வந்த பிறகு கொடு.

ஆய்வுக்குப் பொருந்தாமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். பலர் வருஷக்கணக்கில் "சோம்பேறி" என்று கேட்டுக் கேட்டு நொந்து வந்தவர்கள். "நீங்க செலக்ட் ஆகலை" என்று மட்டும் சொல்லி அனுப்பாதே. காரணத்தைச் சொல்லு. மனச்சோர்வோ தூக்கக் கோளாறோ தெரிந்தால், ஆய்வு மருத்துவரிடம் கேட்டு, யாரைப் பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்கிக் கொடு. சாக வேண்டும் போலிருக்கிறது என்று யாராவது சொன்னால் ஸ்க்ரீனிங்கை அங்கேயே நிறுத்திவிட்டு, மருத்துவர் வரும்வரை பக்கத்திலேயே இரு.

அடுத்த ஞாயிறு வரும்போது உன் ஆய்வின் விலக்கல் பட்டியலை எடுத்து வா, உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அத்தை