யாரும் சாக்கு சொல்ல வேண்டாத விருந்து

அன்பு மருமகனுக்கு,

அத்தை எழுதுவது. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் வகுப்பே சேர்ந்து ஒரு விழா எடுக்கப் போகிறோம், புதுசாக யோசனை சொல்லுங்கள் என்று கேட்டிருந்தாய். தூத்துக்குடியில் ஏசி ஹால், டி.ஜே., பெயர் போட்ட டி-ஷர்ட், பஃபே, தலைக்கு 1,500 ரூபாய் என்று நீ அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். கொண்டாட வேண்டும் என்ற உங்கள் ஆசை நியாயமானது. இத்தனை வருஷம் ஒன்றாகப் படித்தவர்கள் ஒரு மாலையாவது கூடிச் சிரித்துவிட்டுத்தான் பிரிய வேண்டும். ஆனால் அந்த 1,500 ரூபாயை முதலில் அடித்துவிடு.

காரணம் சொல்கிறேன். ஆலையில் மாதச் சம்பளம் வாங்கும் குவார்ட்டர்ஸ் வீடுகளும், ஆறுமுகநேரிப் பக்கம் கூலிக்கு உப்பு வாரும் வீடுகளும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர் நம்முடையது. மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்காக அரசு ஒரு தொழிலாளிக்குத் தரும் நிவாரணம் 5,000 ரூபாய். அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை ஒரு சாயங்காலத்துக்குக் கேட்கிறாய். உன் கூட்டாளி வீட்டில் வாய் திறந்து கேட்க மாட்டான். உன்னிடம், "அன்னைக்கு ஆச்சி வீட்டுக்குப் போறேன்டா" என்பான். நீயும் நம்பிவிடுவாய். யாரும் இப்படி ஒரு சாக்கு தேட வேண்டாத விருந்துதான் நல்ல விருந்து. மற்ற யோசனை எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பணம் வேண்டுமே என்றால், எல்லாருக்கும் ஒரே மாதிரி உறை கொடுங்கள். பெயர் எழுத வேண்டாம். முடிந்ததைப் போடட்டும், வெறும் உறையும் வரட்டும். சேர்ந்த தொகைக்குள் விழாவை அடக்குங்கள்.

அடுத்தது நாள். போன வருஷக் காலண்டரை எடுத்துப் பார். 2025-ல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 25-ல் முடிந்தது. அப்போது காயல்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு ரமலான் நோன்பு. புன்னைக்காயல் பிள்ளைகளுக்குத் தவக்காலம். ஈஸ்டர் ஏப்ரல் 20-ல்தான் வந்தது. மே 4-ல் நீட், மே 8-ல் தேர்வு முடிவு. ஆக, நீட்டுக்கும் தேர்வு முடிவுக்கும் இடைப்பட்ட நாட்கள்தான் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்தவை. உங்கள் வருஷத்துக்கும் இப்படியே கணக்குப் போடுங்கள். எதை மாற்றினாலும், ரிசல்ட்டுக்கு முன்னால் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். மார்க் வந்துவிட்டால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். தேர்வில் தவறிய பிள்ளை அன்றைக்கு வாசலுக்கே வராது.

இடத்துக்கு ஹால் தேட வேண்டாம். தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, பள்ளி மைதானத்தில் மர நிழலில் வையுங்கள். நான்கு மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்குள் முடியுங்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் தயங்காமல் அனுப்புவார்கள். கோடையில் உப்பளத்துக்கு விடியுமுன்னே கிளம்பும் தாய்மார்களும் வந்து தலைகாட்டிவிட்டுப் போக முடியும்.

சாப்பாட்டில்தான் உங்கள் கைவண்ணத்தைக் காட்ட வேண்டும். ஏப்ரல், மே நம் பக்கம் பதநீர்க் காலம். பனையேறும் ஒரு அண்ணாச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். குருத்தோலையை விரித்து மடித்து, இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினால் பட்டை. அதில் நுங்கைப் பிதுக்கிப் போட்டு, மேலே பதநீரை ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் குடிக்க வேண்டும். ஓலை வாசத்தோடு இறங்கும் அந்த ருசிக்கு எந்தக் கூல்டிரிங்ஸும் ஈடு கிடையாது. பிளாஸ்டிக் கப்பும் மிச்சம். காயல்பட்டினத்தில் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவார்களே, அதுபோல ஒரு தாம்பாளத்துக்கு நாலு பேர் என்று சீட்டுப் போட்டு உட்காருங்கள். இதுவரை பேசிக்கொள்ளாதவர்கள்கூட அன்று பேசுவார்கள். அசைவம் சாப்பிடாதவர்களுக்காகச் சாப்பாட்டைச் சைவமாகவே வைத்துவிடுங்கள்.

டி.ஜே.வுக்குப் பதில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, 2023 டிசம்பர் 17, 18-ல் வெள்ளம் வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோக, பக்கத்திலிருந்த புதுக்குடி மக்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டு அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்த இரவு நீங்கள் ஒவ்வொருவரும் எங்கே இருந்தீர்கள், யார் வீட்டு மாடியில் ஏறினீர்கள், யார் கஞ்சி தந்தார்கள்? ஆளுக்கு இரண்டு நிமிஷம் சொல்லுங்கள். ஒருவர் அதை எழுதி, கையெழுத்துப் பத்திரிகையாகத் தைத்துப் பள்ளி நூலகத்துக்குக் கொடுங்கள். எந்த ஊர்ப் பிள்ளைகளின் ஸ்லாம் புக்கிலும் இருக்கும் "பிடித்த நிறம், பிடித்த நடிகர்" உங்களுக்கு எதற்கு? இது உங்கள் வகுப்பால் மட்டுமே எழுத முடிந்த புத்தகம்.

யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கும்போது, பத்தாம் வகுப்போடு நின்று கடலுக்கும் கடைக்கும் போய்விட்ட கூட்டாளிகளை விட்டுவிடாதே. உங்களோடு அ, ஆ எழுதியவர்கள் அவர்கள். தேடிப்போய், நேரில் கூப்பிடு. ஆசிரியர்களுக்கும், வாட்ச்மேனுக்கும், ஆயாவுக்கும் ஒரே மரியாதை செய்யுங்கள். கேடயம் வேண்டாம். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலை பக்கத்திலேயே விளைகிறது. பாக்கும் பழமும் சேர்த்துத் தட்டில் வைத்துக் கொடுத்துக் கும்பிடுங்கள். போதும்.

கடைசி நாளில் சட்டையில் இங்க் தெளிக்கும் விளையாட்டை மட்டும் விட்டுவிடுங்கள். சீருடையைத் துவைத்துத் தேய்த்து, கைடு, நீட் புத்தகங்களோடு ஒரு மேஜையில் அடுக்கிவையுங்கள். பிளஸ் ஒன் பிள்ளைகள் தேவையானதை எடுத்துக்கொள்ளட்டும். விழா முடிந்ததும் கடலில் குளிக்கப் போகிறோம், மூன்று பேராகப் பைக்கில் போகிறோம் என்று யாரும் கிளம்பக் கூடாது. அது உன் பொறுப்பு.

பரீட்சைக்கு நடுவில் இதற்காக அலையாதே. முடிந்த மறுநாள் நாலு பேராகப் போய்த் தலைமையாசிரியரைப் பார். உறை கொடுப்பதை அன்றைக்கே தொடங்கு. என் பங்கையும் பெயரில்லாத உறையில்தான் அனுப்புவேன். அதில் எவ்வளவு இருந்தது என்று நீயும் கேட்கக் கூடாது.

அன்புடன்,
அத்தை