நிலத்தடி நீரின் மாசுறுந்தன்மை: கள்ளிக்குப்பத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கிணற்று நீரை ஆய்வுக்கூடத்தில் சோதித்தால் அந்நீர் இன்று கெட்டுள்ளதா என்பது விளங்கும். நாளை கெடுமா என்பது அச்சோதனையால் விளங்காது. நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டுவிடின், அதனை மீட்பதற்குப் பெரும்பொருளும் பல்லாண்டுக் காலமும் வேண்டும். ஆதலின், கெடுவதற்கு முன்னரே நிலத்தின் இயல்பை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. அதற்கென அறிவியலார் வகுத்த கருத்தே 'மாசுறுந்தன்மை' என்பதாம். பிரெஞ்சு நாட்டு நிலநீரியல் அறிஞர் ழான் மார்கா 1968ஆம் ஆண்டில் இக்கருத்தை முன்வைத்தார்.

மாசு வேறு, மாசுறுந்தன்மை வேறு. நோய் வேறு, நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கும் உடல் வேறு என்பதைப் போன்றதே இது. ஓர் ஊரில் ஆலை ஒன்றும் இல்லாதிருக்கலாம்; நீரும் தூயதாக இருக்கலாம். ஆயினும், அந்நிலம் மேலே விழுவதை விரைவாகக் கீழே விடும் இயல்பினதாயின், அங்குள்ள நீர் மாசுறுந்தன்மை மிக்கதே ஆகும்.

ஏழு கூறுகள்

இத்தன்மையை அளக்கும் முறைகளுள் பரவலாக வழங்குவது 'டிராஸ்டிக்' என்னும் முறை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஆதரவில் 1987இல் இது வெளியிடப்பட்டது. இம்முறை ஏழு கூறுகளைக் கணக்கில் கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் அதன் சிறப்புக்கேற்ப ஓர் எடை உண்டு. நீர்மட்டத்தின் ஆழம் (5), மழைநீர் உட்செறியும் அளவு (4), நீர்தாங்கும் படுகையின் தன்மை (3), மேல்மண் (2), நிலச்சரிவு (1), மேல்மண்ணுக்கும் நீர்மட்டத்துக்கும் இடைப்பட்ட ஈரம் நிறையாப் பகுதி (5), படுகையினூடே நீர் நகரும் விரைவு (3) என்பன அவை.

ஓரிடத்தின் ஒவ்வொரு கூறுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண் இட்டு, அதனை எடையால் பெருக்கி, ஏழையும் கூட்ட வேண்டும். மிகக் குறைந்த கூட்டுத்தொகை 23. மிக உயர்ந்தது 230. தொகை கூடக்கூட ஆபத்தும் கூடும். ஆற்றுவடிநிலம் முழுவதையும் சிறு கட்டங்களாகப் பகுத்து, கட்டந்தோறும் இக்கணக்கைச் செய்து, புவியியல் தகவல் முறைமையின் துணையால் வண்ண வரைபடமாக்குவது இன்றைய வழக்கம்.

இரு மனைகளை எடுத்துக்காட்டாகக் கருதுவோம். முதல் மனையில் நீர்மட்டம் 10 அடி. மேலும் கீழும் மணல். ஆழத்துக்கு 9 மதிப்பெண், மேல்மண்ணுக்கு 9, இடைப்பகுதிக்கு 8 எனின், எடையால் பெருக்க 45, 18, 40 ஆகி, மூன்றும் சேர்ந்து 103 வரும். இரண்டாம் மனையில் நீர்மட்டம் 60 அடி. மேலே களிகலந்த மண், கீழே களிமண். மதிப்பெண் மூன்றிற்கும் 3 எனின், 15, 6, 15 ஆகி 36 மட்டுமே வரும். இரு வீட்டாரும் ஒரே அளவு கழிவை மண்ணில் விட்டாலும் விளைவு ஒன்றாகாது.

இங்கே ஓர் உண்மையை ஊன்றி நோக்க வேண்டும். மழைநீர் மிகுதியாக உட்செறிவதை நாம் நன்மை என்கிறோம். இக்கணக்கிலோ அதுவே மதிப்பெண்ணை உயர்த்தி, ஆபத்தின் பக்கம் சேர்கிறது. நீரை எளிதில் ஏற்கும் மண்ணே நஞ்சையும் எளிதில் ஏற்கும்.

கள்ளிக்குப்பமும் அதன் சூழலும்

கொசத்தலையாற்று வடிநிலத்தைச் சார்ந்த கள்ளிக்குப்பம், கொரட்டூர் ஏரியும் புழல் ஏரியும் அமைந்த வட்டாரத்தில் உள்ளது. 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர் இப்பகுதியில் ஆலைகளும் வீடுகளும் பெருகின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. கொரட்டூர் ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்த முறையீடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

ஏழு கூறுகளால் இவ்வட்டாரத்தை நோக்கினால் சில செய்திகள் புலனாகும். நிலம் பெரிதும் சமதளமானது; மழைநீர் விரைந்து ஓடாமல் தேங்கி உட்செல்லும். ஏரியை ஒட்டிய தாழ்நிலங்களில் வடகிழக்குப் பருவமழையின்போது நீர்மட்டம் மேலேறும். கழிவுநீர்த் தொட்டியின் அடிக்கும் நிலத்தடி நீருக்கும் உள்ள இடைவெளி அப்போது சுருங்கும். களிமண் உள்ள இடங்களில் அது ஒரு காப்பாகும். ஆனால் கோடையில் சுருங்கி வெடிக்கும் களிமண்ணுக்கு டிராஸ்டிக் முறை 7 மதிப்பெண் இடுகிறது. சுருங்காத களிமண்ணுக்கோ 1 மட்டுமே. மேலும், காப்பாக அமைந்த களிமண் அடுக்கை, சரியாக மூடப்படாத ஓர் ஆழ்துளைக் கிணறு ஊடுருவிவிட்டால், அழுக்கு கீழிறங்க அதுவே குழாயாகிவிடும்.

பாலாறு தந்த பாடம்

ஏற்கும் மண்ணைக் காவாது விட்டால் என்ன நேரும் என்பதற்குப் பாலாற்று வடிநிலமே சான்று. அதன் மணற்படுகை நீரைத் தேக்கித் தருவதில் சிறந்தது. அதன் கரையிலே வாணியம்பாடி, ஆம்பூர் முதலிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்து பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளித்தது. கழிவுநீரோ அம்மணலிலேயே விடப்பட்டது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாததாயிற்று என்பது அத்தீர்ப்பில் இடம்பெற்ற செய்தி. மாசுபடுத்துவோரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டையும் அத்தீர்ப்பு நிலைநாட்டியது. எனினும் இழப்பீடு கிணற்றைப் பழைய நிலைக்குக் கொணராது. தொழில் அங்கே தேவையா என்பதன்று கேள்வி. கழிவை எம்மண்ணில் விடலாகாது என்பதை முன்னரே அறிந்திருக்க வேண்டும் என்பதே பாடம்.

முறையின் எல்லையும் நம் கடமையும்

டிராஸ்டிக் முறைக்கும் எல்லை உண்டு. அதன் எடைகள் வல்லுநர் குழுவின் கருத்தால் அமைந்தவை. எம்மாசு, எவ்வளவு என்பதை அது கேட்பதில்லை. ஆகவே வரைபடத்தைக் கிணற்று நீர்ச் சோதனையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல் வேண்டும். அதற்கு நைட்ரேட் ஏற்ற அளவுகோல். குடிநீரில் அது லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அது நற்பணியே. ஆனால் கூரைநீர் வேறு, தெருநீர் வேறு. கூரைநீரை வடிகட்டி மண்ணுக்குள் விடலாம். எண்ணெயும் சாக்கடையும் கலந்த தெருநீரைக் கிணற்றுக்குள் விடுதல், இயற்கை அமைத்த காப்பை நாமே உடைப்பதாகும். வீடு கட்டுவோர் கழிவுநீர்த் தொட்டிக்கு இடம் குறிக்கும்போது தம் கிணற்றை மட்டுமன்றி அண்டை வீட்டுக் கிணற்றையும் நினைத்தல் வேண்டும். பயன்படாத துளைக்கிணறுகளை முறையாக மூடிவிட வேண்டும்.

மாணவர்கள் ஒரு கயிறும் அளவுகோலும் கொண்டு, தம் தெருக் கிணறுகளின் நீர்மட்டத்தைக் கோடையிலும் மழைக்குப் பின்னும் அளந்து குறித்து வைக்கலாம். ஏழு கூறுகளுள் பெரும் எடை பெற்ற ஒன்று அதனால் கிடைத்துவிடும். ஊர்ப் பெரியோர் துணைநின்றால், அக்குறிப்பேடே ஊரைக் காக்கும் முதல் ஆவணமாக அமையும்.