வாசல் ஆள் மாறினால் படம் நிற்காது

கேளம்பாக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

வண்டலூர் சாலை ஓ.எம்.ஆரில் வந்து சேரும் முனையில் பஸ்ஸுக்கு நின்றபோது நீ கேட்ட கேள்வி இன்னும் மனசில் நிற்கிறது: "அப்டேட் முடிந்து எஸ்எஸ்எச் சேவையை ரீஸ்டார்ட் செய்தால், உள்ளே இருப்பவரின் இணைப்பும் அறுந்துவிடாதா?" சிறுசேரி அலுவலகங்களிலும் பலர் இந்தப் பயத்தால் ரீஸ்டார்ட் செய்யாமலே வெளியேறிவிடுகிறார்கள். ஆபத்தே அங்குதான்.

தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் மாறினால் உள்ளே படம் பார்ப்பவர் எழுந்திருப்பதில்லை. எஸ்எஸ்எச்டி அந்த வாசல் ஆள். பெரும்பாலான லினக்ஸ்களில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, ரீஸ்டார்ட்டின்போது அவரை மட்டுமே நிறுத்துகிறது. ஏற்கெனவே நுழைந்தவர்களுக்குத் தனித்தனி ப்ராசஸ்கள் உண்டு.

2024 ஜூலை 1 அன்று நடந்ததைப் பார். எஸ்எஸ்எச்டியில் 2006-ல் அடைத்த பாதுகாப்பு ஓட்டை ஒன்று, 2020-ல் செய்த ஒரு திருத்தத்தால் மறுபடி திறந்திருந்ததைக் குவாலிஸ் நிறுவனம் வெளியிட்டது. அன்றே அதை அடைக்க, எஸ்எஸ்எச்டியைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் தொகுப்பின் 9.8 பதிப்பு வந்தது. அதில் எஸ்எஸ்எச்டி இரண்டு நிரல்களாகப் பிரிந்தது. பழைய எஸ்எஸ்எச்டியோ, ஒவ்வொரு புது ஆளுக்கும் வட்டிலிருந்து தன்னையே மீண்டும் இயக்கும் பழக்கமுள்ளது. அப்டேட்டுக்குப் பின் வட்டில் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தது புதியவர். பழையவர் சொல்வது அவருக்குப் புரியவில்லை. ரீஸ்டார்ட் செய்யும்வரை புதிதாக யாரும் நுழைய முடியாது என்று ஆர்ச் லினக்ஸ் அன்றே அறிவித்தது. சும்மா விட்டவர்கள்தான் வெளியே நின்றார்கள்!

     

செய்முறைக்கு வருவோம். இருக்கும் இணைப்பை மூடாதே. ரூட் உரிமையோடு 'எஸ்எஸ்எச்டி -டி' கொடுத்து அமைப்புக் கோப்பைச் சோதி; அந்த 'டி' ஆங்கிலச் சிற்றெழுத்து t. பிழை இருந்தால் முதலில் திருத்து. பிறகு 'சிஸ்டம்சிடிஎல் டிரை-ரீஸ்டார்ட் எஸ்எஸ்எச்டி'. டெபியன், உபுண்டுவில் சேவையின் பெயர் வெறும் 'எஸ்எஸ்எச்'. மெஷினையே ரீபூட் செய்யும் சோம்பல் வேண்டாம்.

அடுத்து இன்னொரு ஜன்னலில் புதிதாக லாகின் செய்துபார். அது உள்ளே போகும்வரை முதல் ஜன்னலை விட்டு டீக்குக்கூட எழுந்து போகாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்